ஐந்தில் இரண்டு

யீஷூன், புளோக் முந்நூற்றுப் பதினேழு.
சனிக்கிழமை காலை ஒன்பதரை.
வசிப்போர் குழு அறையின் குளிர்சாதனம்
போன மாதமே மூச்சை விட்டது.
அதனால் கீழ்த்தளத்துக் கல்மேசையில்தான் கணக்கு,
சதுரங்கக் கட்டங்களின் மேல் பயிற்சித்தாள் விரித்து.

வாரத்தில் ஐந்து நாள்
மின்தூக்கிப் பழுது பார்ப்பவன் நான்.
ஆறாம் நாள் பின்னம்.
இரண்டிலும் முதல் வேலை ஒன்றுதான்:
எந்த மாடியில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பது.

சில பழுதுகள் பார்த்ததும் தெரியும்.
'மீதியில் மூன்றில் ஒரு பங்கு' என்றால்
மீதியை மறந்து மொத்தத்தை வெட்டுவார்கள்.
நூற்றெண்பது பிள்ளைகளை நாற்பது இருக்கைக்குப் பங்கிட்டு
'நாலரைப் பேருந்து' என்று எழுதி
அடிக்கோடும் போடுவார்கள்.
சதுர சென்டிமீட்டரின் தலைமேல் உட்கார்ந்த குட்டி இரண்டைக்
கொசுவைப் போலத் தட்டிவிடுவார்கள்.
இதற்கெல்லாம் என் பையில் சாவி உண்டு.

மிருதுபாஷினியின் தாளுக்கு இல்லை.

தொடக்கநிலை ஐந்து.
அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால்
ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள்.
மேலே ஒன்றும் ஒன்றும்,
கீழே இரண்டும் மூன்றும்.
சிவப்புப் பேனாவை நான் திறக்குமுன் சொன்னாள்:

"நேத்து வலைப்பந்து, சார்.
முதல் பாதியில ரெண்டு தடவை எறிஞ்சேன், ஒண்ணு விழுந்துச்சு.
அடுத்த பாதியில மூணு தடவை, அதுலயும் ஒண்ணு.
மொத்தம் அஞ்சுல ரெண்டு.
கோச்சும் அப்படித்தான் எழுதினாங்க."

கோச் எழுதியது சரி.

"பகுதி எண்ணைச் சமமாக்கணும்மா" என்றது என் வாய்,
யாரும் ஏறுமுன்பே மூடிக்கொள்ளும் கதவுபோல.
அவள் தலையாட்டினாள்.
பெரியவர்கள் மனம் நோகக்கூடாதென்று
பிள்ளைகள் ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல்.

செம்பவாங்கில் அந்த வாரம்
பத்தாம் மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவே
இருட்டில் எண்ணெய் விட்டபடி
அரையும் மூன்றில் ஒன்றும், அரையும் மூன்றில் ஒன்றும் என்று
முனகிக்கொண்டிருந்தேன்.
"என்னண்ணே, வட்டிக்கணக்கா?" என்றான் ஹபீபுல்லா.

அடுத்த சனி, காப்பிக்கடையிலிருந்து இரண்டு பரோட்டா.
ஒன்றைப் பாதியாகக் கிழித்தேன்.
ஒன்றை மூன்றாக, முடிந்த அளவு நேர்மையாக.
ஒரு பாதி, ஒரு மூன்றிலொன்று, ஒரே தட்டில்.
கேள்வி எதுவும் கேட்கவில்லை;
கேட்கத் தெரியவில்லை என்பதே உண்மை.

நெடுநேரம் பார்த்தாள்.
"இது அரைக்கு மேல."
பிறகு:
"அஞ்சுல ரெண்டு அரைக்குக் கீழ."
பிறகு, என்மேல் குற்றம்போல:
"கூட்டினா எப்படி சார் குறையும்?"

துண்டுகளை நெருக்கி வட்டமாக்கினாள்.
ஒரு வாய்க்கான இடம் காலியாக இருந்தது.
அந்த வாயை விரலால் அளந்து
வட்டத்தைச் சுற்றி வைத்துக்கொண்டே வந்தாள்.
ஆறு.
"அப்ப இருக்கிறது ஆறுல அஞ்சு" என்றாள்,
எனக்கில்லை, தட்டுக்கு.

"பந்துல முழுசு மாறிக்கிட்டே இருந்துச்சு.
ரெண்டு, அப்புறம் மூணு, அப்புறம் அஞ்சு.
பரோட்டா மாறல.
அப்ப, சார், 'உம்' ரெண்டு வகையா?"

அரையும், மூன்றில் ஒன்றும்.
நாற்பத்தோரு வருடமாகப் பேசுகிற மொழியில்
அந்த 'உம்' மீது
நான் ஒருமுறைகூடத் தடுக்கி விழுந்ததில்லை.

பள்ளியில் இதை டூ பிஃப்த்ஸ் என்கிறாள்,
மேலிருந்து கீழே.
தமிழில் ஐந்து முன்னால் வருகிறது:
எதில் என்று சொன்ன பிறகே எவ்வளவு.
பக்கத்து மேசை ஜி ஹாவ்
சீனத்திலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு
மிச்சத் துண்டுகளில் பெரியதைக் கேட்டான்.

போன வாரத் தாள் என் பையிலேயே இருந்தது,
குறி எதுவும் போடாமல்.
ஐந்தில் இரண்டின் பக்கத்தில்
'எந்தக் கேள்விக்கு?' என்று எழுதி நீட்டினேன்.

எண்ணெய் விரலோடு பென்சிலை எடுத்து
அவள் எழுதினாள்:
வலைப்பந்துக்கு.